யானைக்குத் தண்ணீர், ஆளுக்குக் கூலி

(ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். திரையிட்டுக் காட்டிய துணுக்குகளுக்கான விளக்கங்களும் கிளைப்பேச்சுகள் பலவும் நீக்கப்பட்டுள்ளன.)



நாவல் திரைப்படமாவது பற்றிப் பேச அழைத்தீர்கள். எந்தப் படம் என்பதை என் விருப்பத்துக்கே விட்டீர்கள். நான் ‘வாட்டர் ஃபார் எலிஃபண்ட்ஸ்’ என்று எழுதி அனுப்பிய மறுநாள், உங்கள் துறையின் இளைய ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். “ஐயா, அது வெறும் காதல் படம்தானே?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். காதல் படம்தான், சந்தேகமில்லை. அந்த “வெறும்” என்ற சொல்தான் எனக்கு உறுத்தியது. இன்றைய பேச்சை அவருக்கான பதிலாகவே வைத்துக்கொள்கிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கா, 1931. பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம். உழைப்பாளர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு மேல் வேலை இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் படிக்கும் ஜேக்கப், இறுதித் தேர்வு அறையில் இருக்கும்போது தாய் தந்தை கார் விபத்தில் இறந்த செய்தி வருகிறது. வீடு வங்கிக்குப் போகிறது. கால் போன போக்கில் நடந்தவன் இருட்டில் ஓடும் ரயிலொன்றில் தொற்றி ஏறுகிறான். அது பென்சினி பிரதர்ஸ் என்ற சர்க்கஸின் ரயில். முதலாளி ஆகஸ்ட், அவன் மனைவி மார்லினா, குதிரை வித்தைக்காரி. நொடித்துப்போன இன்னொரு சர்க்கஸிடமிருந்து வாங்கிவந்த யானை ரோஸி. இளைஞனும் மார்லினாவும் யானையின் அருகில் நெருங்குகிறார்கள். முதலாளிக்குத் தெரிகிறது. பிறகு நடப்பதை நீங்களே ஊகிக்கலாம், கடைசிக் காட்சி நீங்கலாக.

சாரா க்ரூயன் 2006இல் வெளியிட்ட நாவல். ரிச்சர்ட் லாக்ரவனீஸ் திரைக்கதை எழுத, ஃபிரான்சிஸ் லாரன்ஸ் இயக்கத்தில் 2011 ஏப்ரலில் படமாக வந்தது. ராபர்ட் பாட்டின்சன், ரீஸ் விதர்ஸ்பூன், கிறிஸ்டோஃப் வால்ட்ஸ் நடித்தார்கள். 

என் கருத்து இதுதான். சர்க்கஸைக் களமாகக் கொண்ட காதல் படங்களில் காதலும் கூலியும் ஒரே கணக்கு. யார் யாருக்குச் சோறு போடுகிறார், யார் யாருக்குப் பாக்கி வைத்திருக்கிறார் என்று பார்த்தால்தான் யார் யாரைக் காதலிக்கிறார் என்பது விளங்கும். இந்தப் படத்துக்கு அந்தக் கணக்கு தெரியும். தெரிந்தும் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டது. இதைச் சில குறிப்புகளாக விரிக்கிறேன்.

1.

முதலில் தலைப்பு. நம் ஊரில் கட்டுபடியாகாத செலவைப் பார்த்து, “யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை” என்போம். அமெரிக்காவில் அந்தக் கதைக்கு ஒரு குறுக்குவழி இருந்தது. சர்க்கஸ் ஊருக்கு வந்து இறங்கியதும் உள்ளூர்ப் பையன்கள் கூடிவிடுவார்கள். யானைக்குத் தண்ணீர் சுமந்து ஊற்றினால் இலவச டிக்கெட். யானை நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் குடிக்கும். வாளி வாளியாகச் சுமந்து பையனின் தோள் கழன்றுபோகும். யானையின் தாகம் தீராது. டிக்கெட்டுக்காக எவ்வளவு உழைத்தோம் என்று அவன் கணக்குப் பார்ப்பதில்லை, சர்க்கஸ் மயக்கம் அப்படி.

நாவலில், முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர் தாமும் யானைக்குத் தண்ணீர் சுமந்ததாகப் பீற்றிக்கொள்ள, தொண்ணூறு கடந்த ஜேக்கப்புக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. பொய் சொல்கிறாய் என்று சாப்பாட்டு மேசையில் சண்டைக்கே போய்விடுகிறார். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் இவ்வளவு கோபம்? அங்கே வேலை செய்தவருக்குத்தான் அது தெரியும். செய்யாத வேலைக்கு இன்னொருவன் பெயர் வாங்குவதை எந்தக் கூலியாளும் பொறுக்கமாட்டான்.

நாவலின் உள்ளெலும்பு விவிலியத்து யாக்கோபின் கதை என்று க்ரூயனே சொல்லியிருக்கிறார். யாக்கோபு ராகேலுக்காகத் தன் மாமன் லாபானிடம் ஏழு ஆண்டு வேலை செய்கிறான். ஏழாண்டு முடிவில் மாமன் அவளுடைய அக்காளைக் கட்டிவைத்து ஏமாற்ற, இன்னும் ஏழு ஆண்டு உழைக்கிறான். பிறகும் மாமன் அவன் கூலியைப் பத்து முறை மாற்றுகிறான். உலகத்தின் பழைய காதல் கதைகளுள் ஒன்று, பார்த்தால் சம்பளத் தகராறு.

2.

இரண்டாவது, ரயில். இதில் சற்றுக் கூடுதல் நேரம் நிற்கிறேன், ஏனென்றால் படத்தின் உண்மையான ஊர் இதுதான்.

1872இல் பார்னமின் சர்க்கஸை அவருடைய கூட்டாளி டபிள்யூ. சி. கூப் ரயிலேற்றினார். திறந்த மேடைப் பெட்டிகளில் வண்டிகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உருட்டி ஏற்றும் முறை அப்போது பழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் குதிரை வண்டியில் நாளைக்குச் சில மைல்கள் ஊர்ந்த சர்க்கஸ், இரவோடு இரவாக நூறு மைல் தாண்டத் தொடங்கியது. விடிந்தால் புது ஊர். காலையில் கூடாரம் ஏறும், பகலில் ஒரு காட்சி, இரவில் ஒரு காட்சி. இரவுக் காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே பின்பக்கம் சமையல் கூடாரமும் மிருகக் கூடாரமும் இறங்கிவிடும். நள்ளிரவில் ரயில் கிளம்பும். இருபதுகளில் ரிங்லிங் சர்க்கஸ் ஏறத்தாழ 100 பெட்டிகளில் போயிற்று. ஒரு சிறிய ஊரே ஒவ்வொரு இரவும் இடம்பெயர்ந்தது என்று சொன்னால் மிகையில்லை.

அந்த ஊரில் சாதி உண்டு. வித்தைக்காரர்கள் ஒரு பக்கம், கூடாரம் ஏற்றுகிற கூலியாட்கள் ஒரு பக்கம். பெட்டி வேறு, சாப்பாட்டு மேசை வேறு. முதலாளிக்குத் தனிப் பெட்டி. வெளியாட்களுக்குப் பொதுவாக ‘ரூப்’ என்று பெயர், பட்டிக்காட்டான் என்று பொருள். எந்த யானையானாலும் ‘புல்’, அதாவது காளை. சர்க்கஸ்களில் இருந்தவை பெரும்பாலும் ஆசியப் பெண் யானைகள்தான்! களிறு, பிடி, கன்று என்று வகைவகையாய்ப் பெயர் வைத்திருக்கும் நமக்கு இது வேடிக்கையாக இருக்கும். ரயிலில் எல்லாவற்றுக்கும் வேலை சார்ந்த பெயர்தான். பால் சார்ந்த பெயருக்கு இடமில்லை.

இனி பணம். பல சர்க்கஸ்களில் கூலியாளின் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, பருவம் முடிந்த பிறகே தருவார்கள். நடுவில் ஓடிவிடக் கூடாது என்பதற்காக. நம் ஆலைகளில் இதைப் பிடித்தம் என்போம். வசூல் படுத்துவிட்டால் முதலாளிக்கு ஒரு வழி உண்டு. சம்பள பாக்கி சேர்ந்துபோன ஆளை இரவில் ஓடும் ரயிலிலிருந்து தள்ளிவிடுவது. தள்ளப்பட்டவன் எழுந்து பார்த்தால் கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு தூரத்தில் போய்க்கொண்டிருக்கும். அதனால் அந்தச் செயலுக்கே ‘ரெட்லைட்’ செய்வது என்று பெயர். ஆள் உயிரோடு எழுந்தால் அது அவன் அதிர்ஷ்டம்.

இந்தக் கதையில் ஜேக்கப்பின் தந்தையும் கால்நடை மருத்துவர்தான். கஷ்டகாலத்தில் விவசாயிகளிடம் பணத்துக்குப் பதில் முட்டையும் பயறும் வாங்கிக்கொண்டு மாட்டுக்கு மருத்துவம் பார்த்தவர். வீட்டை அடமானம் வைத்து மகனைப் படிக்கவைத்தவர். அவருடைய சாவில் முதலில் வெளிப்படுவதே இந்தக் கணக்குத்தான். முட்டையைக் கூலியாக ஏற்றுக்கொண்டவரின் மகன், கூலி தராமல் ஆளைத் தள்ளிவிடுகிறவனின் ரயிலில் ஏறுகிறான். கதையின் இரு முனைகளும் இங்கே கட்டப்பட்டுவிட்டன. காதல் இன்னும் தொடங்கவில்லை.

3.

மூன்றாவது குறிப்புதான் என் வாதத்தின் நடுத்தூண்.

நாவலில் ஆகஸ்ட் முதலாளி அல்லன். மிருகங்களுக்குப் பொறுப்பானவன், மார்லினாவின் கணவன், மனநோய் உள்ளவன். முதலாளி வேறொருவன், அங்கிள் ஆல் என்று பெயர். ரிங்லிங் போல ஆகவேண்டும் என்று வெறி பிடித்தவன். அந்த வெறிக்கும் காரணம் உண்டு. 1929இல் ஜான் ரிங்லிங் ஒரே பேரத்தில் ஐந்து சர்க்கஸ்களை வாங்கிப் போட்டுக்கொண்டார். பெரியது சிறியதை விழுங்கும் காலம். அங்கிள் ஆல் நொடித்துப்போன சர்க்கஸ்களின் எலும்பைப் பொறுக்குகிறான்.

இந்த இருவரையும் திரைக்கதை ஒருவராக்கிவிட்டது. முதலாளி, கணவன், பாகன் மூன்றும் வால்ட்ஸ் ஒருவரே. நாடக நோக்கில் இது கெட்டிக்காரத்தனம். முந்தைய ஆண்டுதான் நாஜி அதிகாரி வேடத்துக்காக ஆஸ்கர் பெற்றிருந்த அவர், சிரித்துக்கொண்டே பயமுறுத்தும் கலையில் தேர்ந்தவர். ஷாம்பெயின் ஊற்றிக்கொடுக்கும் கையே அங்குசத்தையும் பிடிக்கிறது. மனைவியும் யானையும் ஜேக்கப்பும் தன் சொத்துப் பட்டியலில் அடுத்தடுத்த வரிகள் என்று அவன் நினைப்பது வசனமில்லாமலே புரிகிறது. இங்கே பொறாமையும் உடைமைக் கணக்கும் ஒன்றாகிவிடுகின்றன.

நட்டம் எங்கே? முடிவில். நாவலில் இரண்டு சாவு. முன்பு ரயிலிலிருந்து தள்ளப்பட்டுப் பிழைத்தவர்கள் திரும்பிவந்து மிருகக் கூண்டுகளைத் திறந்துவிட, கலவரம் மூள்கிறது. அந்தக் களேபரத்தில் ஆகஸ்டை யானை தன்னைக் கட்டியிருந்த இரும்பு முளையால் அடித்துக் கொல்கிறது. அங்கிள் ஆல் பிறகு கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடக்கிறான். அதை யார் செய்தார்கள் என்று வாசகருக்குச் சொல்லவேண்டியதில்லை. அடிபட்ட யானையின் கணக்கு ஒன்று, கூலி போன ஆட்களின் கணக்கு ஒன்று. இரண்டும் தனித்தனியே தீர்கின்றன.

படத்தில் ஒரே சாவு. கூண்டைத் திறந்துவிட்டதோடு கூலியாட்களின் பங்கு முடிந்துவிடுகிறது. அவர்கள் எழுப்பிய புழுதியில் கேமரா நேரே காதலர்களிடமும் யானையிடமும் போய் நின்றுவிடுகிறது. குள்ளர் வால்ட்டரும் கிழவர் கேமலும் இரவில் தள்ளப்பட்டு இறந்த செய்தி நமக்கு ஒரு வரியில் சொல்லப்படுகிறது. ஜேக்கப்பைத் தன் அறையில் இடம்கொடுத்துத் தங்கவைத்தவர் வால்ட்டர், முதன்முதலில் வேலை வாங்கிக்கொடுத்தவர் கேமல். அவர்களுக்கு உரிய பழியைக் கணவனின் சாவோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். கிழிந்த பக்கம் என்று நான் சொன்னது இது.

உண்மையில் சர்க்கஸ் தொழிலாளர்கள் இரும்பு முளையைத் தேடிப் போகவில்லை, சங்கத்தைத் தேடிப் போனார்கள். 1938 ஜூனில் ரிங்லிங் நிர்வாகம் சம்பளத்தில் கால்பங்கு வெட்டியது. பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டன் நகரில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் பருவமே பாதியில் நின்றது. சர்க்கஸ் மூட்டை கட்டிக்கொண்டு ஃபுளோரிடாவின் சாரசோட்டாவுக்குத் திரும்பியது. அதைப் பற்றி யாரும் காதல் படம் எடுக்கவில்லை.

4.

இது இந்த ஒரு படத்தின் வழக்கமா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை என்பதற்கு மூன்று படங்களை அழைக்கிறேன்.

சாப்ளினின் ‘தி சர்க்கஸ்’, 1928. வித்தையில் தவறியதற்காக ரிங் மாஸ்டர் தன் வளர்ப்பு மகளுக்கே சோறு போடாமல் பட்டினி போடுகிறார். காலையில் சாப்ளினின் நாடோடி தனக்காக வைத்திருந்த ரொட்டியை, பசி தாங்காத அந்தப் பெண் கடித்துவிடுகிறாள். முதலில் திருடி என்று சீறுகிறான். பசி என்று தெரிந்ததும் முட்டையையும் ரொட்டியையும் கொடுக்கிறான். காதல் அந்த முட்டையில் தொடங்குகிறது. ஜேக்கப்பின் தந்தை வாங்கிய முட்டையை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு படத்தின் முடிச்சே சம்பளம்தான்: மக்கள் விழுந்து விழுந்து சிரிப்பது இவனைப் பார்த்துத்தான், ஆனால் இவனுக்கே அது தெரியாது. சாமான் தூக்குகிறவன் சம்பளத்தில் முதலாளி காலம் தள்ளுகிறார். உண்மையைச் சொல்லிவிடுகிறவள் அந்தப் பெண். அவள் அவனுக்குக் கொடுத்த ஒரே காதல் பரிசு, உன் மதிப்பு இவ்வளவு என்ற தகவல். அடுத்த காட்சியில் அவன் கூலி உயர்வு கேட்கிறான்.

ஃபெலினியின் ‘லா ஸ்த்ராடா’, 1954. தெருவித்தைக்காரன் ஸம்பானோ கடற்கரைக் குடிசைக்கு வந்து ஜெல்ஸொமினாவைத் தாயிடமிருந்து 10,000 லிராவுக்கு வாங்கிப் போகிறான். அவளுக்கு அவன் மேல் இருப்பது அன்பு என்று எல்லாரும் எழுதுகிறார்கள், நானும் எழுதியிருக்கிறேன். விலை படத்தின் முதல் சில நிமிடங்களிலேயே சொல்லப்பட்டுவிட்டது என்பதை மறந்துவிட்டு எழுதினேன்.

மூன்றாவது, ஸ்வீடன் இயக்குநர் பூ விடர்பெரியின் ‘எல்விரா மாடிகன்’, 1967. உண்மைக் கதை. ஹெட்விக் யென்சன் கயிற்றின் மேல் நடப்பவர். எல்விரா மாடிகன் அவருடைய மேடைப் பெயர். சிக்ஸ்டன் ஸ்பார்ரே குதிரைப்படை லெஃப்டினன்ட், மனைவியும் இரு குழந்தைகளும் உள்ளவர். 1889இல் அவர் படையை விட்டு ஓட, இவர் சர்க்கஸை விட்டு ஓட, அந்த ஜூலையில் டென்மார்க்கின் டோசிங்கே தீவில் இருவரும் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்கள். படம் கோடை வெயிலிலும் மொட்சார்ட்டின் 21ஆம் பியானோ கன்செர்ட்டோவிலும் நனைந்திருக்கும். அந்த இசைக்கே இன்று இப்படத்தின் பெயரை ஒட்டிச் சொல்கிறார்கள். ஆனால் அந்த அழகுக்கு அடியில் நடப்பதைப் பாருங்கள்: பணம் தீர்கிறது, காட்டில் பழம் பொறுக்குகிறார்கள், பசி. அவள் பணத்துக்காக மறுபடி ஆடினால் அவனுக்குக் கௌரவக் குறைச்சல். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. சர்க்கஸில் கிடைத்த கூலியை விட்டு வந்த காதல் ஒரு கோடைகூடத் தாங்கவில்லை. கடைசியில் அவள் ஒரு பட்டாம்பூச்சியைப் பிடிக்கக் கை நீட்டும்போது காட்சி உறைகிறது. வெடிச்சத்தம் மட்டும் கேட்கிறது.

நம்மவர்கள் ‘அபூர்வ சகோதரர்க’ளை நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தத் தமிழ்ப் படத்தில் சர்க்கஸ்காரன் அப்புவின் மனம் போனதும் முதலாளி மகள் மேல்தான். அதை இன்னொரு நாள் பேசலாம்.

5.

யானை. இதைக் கடைசிக்கு முன்னால் வைத்ததற்குக் காரணம், படத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் இதுதான்.

ரோஸிக்கு எதுவும் தெரியாது, மந்தம், வீண் செலவு என்று முடிவு கட்டி ஆகஸ்ட் அங்குசத்தால் குத்திக் கிழிக்கிறான். பிறகு ஒருநாள் தெரிகிறது, யானைக்கு எல்லாம் தெரியும், போலிஷ் மொழியில் சொன்னால். ஜேக்கப் போலந்துக் குடும்பத்துப் பிள்ளை. வீட்டு மொழி அவனுக்கு வாயில் இருக்கிறது. இத்தனை நாளும் அவள் வாங்கிய அடி, தனக்குத் தெரியாத மொழியில் வந்த கட்டளைக்கு. கப்பலிறங்கி வந்த எத்தனையோ கூலியாட்களுக்கு நடந்தது இதுதான். காதலின் மொழி என்று தேய்ந்த தொடர் ஒன்று நம்மிடம் உண்டே, இந்தப் படத்தில் அது எழுத்துப்படி நடக்கிறது: ஜேக்கப் போலிஷில் ஒரு சொல் சொல்ல, யானை காலைத் தூக்குகிறது.

நாவலில் அவளுக்கு ஒரு திருட்டுத்தனமும் உண்டு. தன்னைக் கட்டியிருக்கும் இரும்பு முளையைத் துதிக்கையால் மெல்லப் பிடுங்கி எடுத்துக்கொண்டு, லெமனேட் தொட்டிக்குப் போய் வயிறாரக் குடித்துவிட்டு, திரும்பிவந்து முளையைப் பழைய குழியிலேயே நட்டுவிட்டு ஒன்றும் தெரியாதது போல் நிற்பாள். திட்டு வாங்குகிறவர்கள் கூலியாட்கள். இது கற்பனை மட்டுமில்லை; சர்க்கஸ் வரலாற்றில் உலவும் கதை என்று க்ரூயன் குறிப்பிடுகிறார். இதிலிருந்து ஒரு விஷயம் விளங்குகிறது. அந்த முளை அவளை ஒருநாளும் பிடித்துவைக்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் போயிருக்கலாம். கடைசியில் ஆகஸ்டின் தலையில் இறங்குவதும் அதே முளைதான்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன் என்கிறோம். அந்தப் பொன் யாருக்கு? ரோஸியாக நடித்த யானையின் பெயர் டாய். படம் வெளிவந்த சில வாரங்களில் ஒரு விலங்குநல அமைப்பு, 2005இல் எடுத்ததாகச் சொல்லி ஒரு காணொளியை வெளியிட்டது. பயிற்சியில் அங்குசமும் மின்னதிர்ச்சிக் கருவியும் பயன்பட்டதை அது காட்டியது. யானையை வளர்த்தவர்கள் கொடுமை ஏதும் செய்யவில்லை என்று மறுத்தார்கள். யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அங்குசத்தால் அடிக்கிறவனைக் கண்டு அரங்கில் நாம் பல்லைக் கடித்தோமே, அந்தக் காட்சியின் கூலிக் கணக்கும் நிலுவையில் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். நிஜ உலகில் ரிங்லிங் 2016 மே மாதத்தில் யானைகளை அரங்கிலிருந்து விலக்கியது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் மூடியே விட்டது. 2023இல் திரும்பி வந்தபோது கூட்டத்தில் ஒரு மிருகம்கூட இல்லை.

ஒரு தற்செயலையும் சொல்லிவிடுகிறேன். இப்படம் அமெரிக்காவில் வெளியான நாளுக்கு நான்கு நாள் முன்பு, 2011 ஏப்ரல் 18 அன்று, சர்க்கஸ்களில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடைசெய்ய நம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு முன் நாமும் கைதட்டியிருக்கிறோம். நானும் தட்டியிருக்கிறேன், அப்பா தோளில் உட்கார்ந்து, என் வயதேயான ஒரு பிள்ளை சைக்கிள் மேல் தலைகீழாய் நின்றபோது.

6.

இறுதியாக, புகைப்படமும் கல்லறையும்.

2003இல் க்ரூயன் வேறொரு நாவல் எழுதத் தயாராகிக்கொண்டிருந்தார். சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழில் எட்வர்ட் ஜே. கெல்ட்டி என்ற புகைப்படக்காரரைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. இருபதுகளிலும் முப்பதுகளிலும் சர்க்கஸ்களின் பின்னாலேயே அலைந்து, ஒரு சர்க்கஸின் ஆட்கள் அத்தனை பேரையும் நீள வரிசையில் நிறுத்தி அகலப் படம் எடுத்தவர். அந்தப் படங்களைப் பார்த்த க்ரூயன் கையிலிருந்த நாவலைக் கீழே வைத்துவிட்டார். அவற்றை நானும் அச்சில் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் கண் ஓரங்களுக்குப் போகிறது. நடுவில் ஜிகினா உடுப்பு, ஓரத்தில் பூட்ஸ் சேறு. ஓரத்தில் நிற்பவனின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

பெயர் எழுதாததன் விளைவைச் சிகாகோவுக்கு மேற்கே ஃபாரஸ்ட் பார்க்கில், உட்லான் கல்லறைத் தோட்டத்தில் காணலாம். 1918 ஜூன் 22 விடியலுக்கு முன், இந்தியானாவின் ஹாமண்ட் அருகே ஹேகன்பெக்-வாலஸ் சர்க்கஸ் ரயில் நின்றிருந்தது. பின்னால் வந்த காலி ராணுவ ரயிலின் ஓட்டுநர் தூங்கிப்போயிருந்தார். சர்க்கஸ் ரயிலின் பின்பகுதி மரத்தாலான தூங்கும் பெட்டிகள், எண்ணெய் விளக்குகள். மோதலில் தப்பியவர்களைத் தீ பிடித்துக்கொண்டது. 86 பேர் இறந்தார்கள். ஷோமென்ஸ் லீக் என்ற சர்க்கஸ்காரர் சங்கம் சற்று முன்புதான் அந்தக் கல்லறையில் ஒரு பகுதியை வாங்கியிருந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோரை அங்கே வரிசையாகப் புதைத்தார்கள். பலர் சில நாள் முன்பு வேலைக்குச் சேர்ந்தவர்கள். பட்டியலில் பட்டப்பெயர் மட்டுமே இருந்தது, சிலருக்கு அதுவும் இல்லை. அதனால் பல கற்களில் ‘பெயர் தெரியாத ஆண்’ என்று எண்ணோடு இருக்கிறது. ஒன்றில் ‘வழுக்கை’ என்ற பட்டப்பெயர். இன்னொன்றில் ‘நான்கு குதிரை வண்டியோட்டி’ என்று வேலையின் பெயர். சுற்றிலும் துதிக்கையைத் தாழ்த்தி நிற்கும் கல் யானைகள் ஐந்து. விபத்துக்குப் பிறகு அந்த சர்க்கஸ் ரத்து செய்தது இரண்டே ஊர்களின் ஆட்டங்களை. மற்ற சர்க்கஸ்கள் ஆளும் சாமானும் கடன் கொடுத்தன, ஆட்டம் தொடர்ந்தது.

இனிப் படத்துக்குத் திரும்புவோம். அதன் தொடக்கத்தில் கிழ ஜேக்கப் (ஹால் ஹோல்ப்ரூக்) காட்சி முடிந்த ஒரு சர்க்கஸின் வாசலில் தனியே நிற்கிறார். முதியோர் இல்லத்திலிருந்து தப்பி வந்தவர். அழைத்துவருவதாகச் சொன்ன மகன் மறந்துவிட்டான். அங்கிருக்கும் மேலாளர் சார்லி உள்ளே அழைத்து உட்காரவைக்க, இரவு முழுக்கக் கதை சொல்கிறார்: ரயில், குதிரை, யானை, மார்லினா. சொல்லி முடிக்கிறார். மார்லினா இறந்துவிட்டாள்; பிள்ளைகளுக்கு நேரமில்லை. காதல் கதை கேட்ட சார்லி நெகிழ்ந்துபோய் நிற்கும்போது கிழவர் தம் விண்ணப்பத்தை வைக்கிறார். டிக்கெட் கொடுக்கிற இடத்தில் தமக்கு ஒரு வேலை வேண்டும்.